மங்கலான ஒளியில் மறைந்திருக்கும் கருந்துளைகள்

டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி மே மாதத்து வெசாக் பௌர்ணமி வரை நீடிப்பது சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமாகும். அக்காலத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்வோர் இரவு வேளையில் வாசலில் நின்று மலையை நோக்கினால், நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை ஏறிச்செல்லும் விளக்கு வரிசையைக் காண்பர். இந்துக்கள் சிவனொளிபாதம் என்றும், முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும், பௌத்தர்கள் ஸ்ரீபாத என்றும் போற்றும் அம்மலையின் விளக்குகள் எல்லா இரவுகளிலும் ஒரே விதமாகத் தெரிவதில்லை. பனிமூட்டம் படரும்போது வரிசை முழுவதும் மங்குகின்றது. மூட்டம் விலகியதும் முழுவதும் ஒருங்கே தெளிகின்றது. ஆனால் அயல் விளக்குகள் யாவும் மாறாதிருக்க, ஒரேயொரு விளக்கு மாத்திரம் கூடியும் குறைந்தும் எரியுமாயின், மாற்றம் பனியில் அல்ல, அந்த விளக்கிலேயே உள்ளது என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லிவிடும்.

மலையக மக்கள் நாளாந்தம் காணும் இந்த எளிய உண்மையே இன்றைய வானியலின் மிக நுட்பமான தேடல்களில் ஒன்றுக்கு அடிப்படையாக அமைந்துள்ளது. பல மில்லியன் ஒளியாண்டுகளுக்கு அப்பால், வெறும் புள்ளியாகவோ மங்கிய திட்டாகவோ தெரியும் சிறிய விண்மீன் மண்டலங்களின் நடுவே கருந்துளைகள் மறைந்திருக்கின்றனவா என்பதை, அவற்றின் ஒளியில் நேரும் சிறு ஏற்ற இறக்கங்களைக் கொண்டே அறிஞர்கள் கண்டறிந்து வருகின்றனர். தொலைதூர நாடுகளின் பெரும் ஆய்வுக்கூடங்களுக்கு மட்டுமே உரிய விடயமாக இதனைக் கருதி நாம் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. எமது மாணவர் சமுதாயம் இதனை விளங்கிக்கொள்ளவும், இதில் பங்குபற்றவும் வழியுண்டு என்பதனாலேயே இதனைச் சற்று விரிவாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

நாம் வாழும் பூமியும் சூரியனும் பால்வெளி என்னும் விண்மீன் மண்டலத்தைச் சேர்ந்தவை. நூறு பில்லியனுக்கும் அதிகமான விண்மீன்களைக் கொண்ட இதனைப் போன்று எண்ணிறந்த மண்டலங்கள் அண்டத்தில் உள்ளன. அவற்றுள் எமக்கு அண்மையிலுள்ள பெரிய மண்டலமான அந்திரொமீடா ஏறத்தாழ 2.5 மில்லியன் ஒளியாண்டு தொலைவிலுள்ளது. பாரசீகத்தில் வாழ்ந்த முஸ்லிம் வானியலறிஞர் அப்துர் ரஹ்மான் அல்-சூஃபி, கி.பி. 964ஆம் ஆண்டளவில் எழுதிய தமது விண்மீன் நூலில் அதனை ஒரு சிறு மேகமாகக் குறித்துவைத்தார். தொலைநோக்கி தோன்றுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் முற்பட்ட காலத்தில், வெறுங்கண்ணால் அவர் செய்த அவதானிப்பு அது. மங்கலாகத் தெரிகின்றது என்பதற்காக அதனைப் புறக்கணித்துவிடாமல் எழுதிவைத்தமையே அவரது சிறப்பாகும்.

பெரிய விண்மீன் மண்டலங்கள் ஏறக்குறைய எல்லாவற்றின் நடுவிலும் மாபெருங் கருந்துளையொன்று இருப்பதாக இன்று கருதப்படுகின்றது. எமது பால்வெளியின் நடுவிலுள்ள கருந்துளை சூரியனைப் போல் ஏறத்தாழ 4 மில்லியன் மடங்கு திணிவுடையது. அதனை உறுதிப்படுத்திய ரைன்ஹார்ட் கென்சல், அண்ட்ரியா கெஸ் ஆகியோரும், கருந்துளைகள் பற்றிய கணிதக் கோட்பாட்டை நிறுவிய ரொஜர் பென்ரோசும் 2020ஆம் ஆண்டுக்கான பௌதிகவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எம்87 என்னும் மண்டலத்தின் கருந்துளை 6.5 பில்லியன் சூரியத் திணிவுடையது. அதன் நிழலுருவப் படம் 2019ஆம் ஆண்டில் வெளியாகி உலகை வியப்பில் ஆழ்த்தியது. விண்மீன்கள் தம் பாரத்தைத் தாமே தாங்க இயலாமற் போகும் எல்லையொன்று உண்டென்பதை 1930ஆம் ஆண்டில் கப்பற் பயணமொன்றின்போது கணித்தறிந்தவர், 1983இல் நோபல் பரிசு பெற்ற தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பதும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. அப்போது அவருக்கு வயது 19.

கருந்துளையிலிருந்து ஒளி வெளியேறாது. அவ்வாறாயின் அதனைக் காண்பது எங்ஙனம் என்ற வினா எழுவது இயல்பே. கருந்துளை தன்னளவில் இருண்டதாயினும், அதனை நோக்கி ஈர்க்கப்படும் வாயு நேரே உள்ளே விழுந்துவிடுவதில்லை. அது சுழன்று சுழன்று தட்டுப் போன்ற வடிவில் திரண்டு, உராய்ந்து வெப்பமேறிப் பிரகாசிக்கின்றது. சூரியனில் நிகழும் அணுக்கருச் சேர்க்கை, எரிபொருளின் திணிவில் 0.7 சதவீதத்தையே சக்தியாக மாற்றுகின்றது. கருந்துளையைச் சூழ்ந்த தட்டிலோ ஏறத்தாழ 10 சதவீதம் சக்தியாக மாறலாம். இவ்வாறு ஒளிரும் நடுப்பகுதியே 'செயற்படும் கரு' எனப்படுகின்றது. வாயு சீராக வந்து விழுவதில்லை. தட்டின் வெப்பமும் நிலையாக இருப்பதில்லை. ஆகவே செயற்படும் கருவின் ஒளி நாளுக்கு நாள், மாதத்துக்கு மாதம், ஆண்டுக்கு ஆண்டு ஒழுங்கின்றிக் கூடிக் குறைகின்றது. இந்த ஒழுங்கின்மையே அதன் அடையாளமாகும்.

இந்த அடையாளம் முதலில் பிழையாகவே வாசிக்கப்பட்டது. 1929ஆம் ஆண்டில் ஜேர்மன் வானியலறிஞர் கூனோ ஹொஃப்மைஸ்டர், லசேர்ட்டா என்னும் விண்மீன் குழுவில் ஒளி மாறும் பொருளொன்றைக் கண்டு, அதனை எமது பால்வெளியைச் சேர்ந்த மாறொளி விண்மீனென்றே பதிவுசெய்தார். நாற்பது ஆண்டுகள் அப்பிழையே நிலைத்தது. 1968இல் அதே இடத்திலிருந்து வானொலி அலைகளும் வருவதாக அறியப்பட்ட பின்னரே, அது விண்மீனன்று, ஏறக்குறைய 900 மில்லியன் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் செயற்படும் கரு என்பது துலங்கத் தொடங்கியது.

1963ஆம் ஆண்டில் நடந்ததும் படிப்பினை மிக்கது. 3சி 273 என்ற விண்மீன் போன்ற பொருள் உண்மையில் 2 பில்லியன் ஒளியாண்டுகளுக்கும் அப்பாலுள்ளதென மார்ட்டின் ஷ்மிட் கண்டறிந்தார். உடனே ஹார்லன் ஸ்மித், டொரிட் ஹொஃப்லீட் ஆகிய இருவரும் ஹார்வர்ட் பல்கலைக்கழக வானாய்வகத்தில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்துவைக்கப்பட்டிருந்த கண்ணாடிப் புகைப்படத் தட்டுகளைத் தேடியெடுத்து ஆராய்ந்தனர். அப்பொருளின் ஒளி அவ்வளவு காலமும் ஏறியும் இறங்கியும் வந்துள்ளமை தெரியவந்தது. அத்தட்டுகளை எடுத்தவர்களுக்குத் தாம் எதனைப் பதிவுசெய்கின்றோம் என்பதே தெரியாது. எனினும் பதிவு இருந்தது, பின்வந்தோர் பயன்பெற்றனர்.

ஒளி மாறும் வேகத்தைக் கொண்டு பொருளின் பருமனையும் மட்டிட முடியும். பெரியதொரு பொருள் முழுவதும் ஒருங்கே பிரகாசமடைவதானால், அதன் ஒரு பக்கத்தில் நிகழ்ந்தது மறுபக்கத்தை எட்டுவதற்கேனும் காலம் வேண்டும். ஒளியின் வேகத்தைக் கடந்து எந்தச் செய்தியும் செல்லாது. ஒரு பொருளின் ஒளி ஒரே நாளில் கணிசமாக மாறுமாயின், அதன் பருமன் ஒளி ஒரு நாளிற் செல்லும் தூரத்தை, அதாவது ஏறத்தாழ 26 பில்லியன் கிலோமீற்றரை விஞ்சியிருக்க முடியாது. ஒரு விண்மீன் மண்டலமோ ஆயிரக்கணக்கான ஒளியாண்டுகள் முதல் நூறாயிரம் ஒளியாண்டுகளுக்கு மேல் வரை அகன்றது. ஆகவே நாட்கணக்கில் மாறும் அவ்வொளி மண்டலம் முழுவதிலிருந்தும் வந்ததன்று. நடுவிலுள்ள மிகச் சிறிய இடத்திலிருந்தே வந்தது. அத்தனை சிறிய இடத்தில் அத்தனை பெரிய சக்தியைப் பிறப்பிக்கக்கூடியது கருந்துளையன்றி வேறில்லை.

பிரகாசமான மண்டலங்களில் இவற்றைக் காண வேறு வழிகளும் உள்ளன. ஒளியை நிறமாலையாகப் பிரித்து, வாயுக்களின் கோடுகளை அளக்கலாம். எக்ஸ் கதிர்களையும் வானொலி அலைகளையும் தேடலாம். சிறிய, மங்கலான மண்டலங்களிலோ இவ்வழிகள் பலவேளைகளில் கைகொடுப்பதில்லை. அங்கே கருந்துளையும் சிறியது. அதன் ஒளியும் சொற்பம். அதேவேளை அத்தகைய மண்டலங்கள் பலவற்றில் புதிய விண்மீன்கள் தொடர்ந்து பிறந்துகொண்டிருப்பதால், இளம் விண்மீன்களின் ஒளி கருவின் அடையாளத்தை அமிழ்த்திவிடுகின்றது.

இரவு முழுவதும் விளக்கெரியும் தேயிலைத் தொழிற்சாலையொன்றை எதிர்மலையிலிருந்து பார்ப்பதாக எண்ணிக்கொள்வோம். தூரத்தின் காரணமாக நூறு மின்குமிழ்களும் ஒரே ஒளித்திட்டாகவே தெரியும். அவற்றுள் ஒன்று மாத்திரம் மினுங்கினால், மற்றைய தொண்ணூற்றொன்பதின் ஒளியோடு கலந்து அது புலப்படாமலே போகலாம். ஆயினும் மொத்த ஒளியை மிகத் துல்லியமாக, இரவு தோறும் அளந்து வந்தால், சிறியதோர் அசைவு தெரியவரும். ஒரு நாளைய படத்திலிருந்து இன்னொரு நாளைய படத்தைக் கழித்தால், மாறாத தொண்ணூற்றொன்பதும் மறைந்துபோக, மாறியது மாத்திரம் எஞ்சி நிற்கும். மங்கலான விண்மீன் மண்டலங்களில் வானியலறிஞர் செய்வதும் இதுவே.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றினும் செய்வதற்கு அரியது இது. பூமியின் வளிமண்டலம் ஒவ்வொரு கணமும் மாறுகின்றது. இதற்காகவே ஆராயப்படும் மண்டலத்துடன் அதே படத்திலுள்ள மாறாத விண்மீன்கள் சிலவற்றையும் சேர்த்து அளக்கின்றனர். அவையும் மங்கினால் மேகம். இது மாத்திரம் மங்கினால் மெய்யான மாற்றம். அடுத்தது கருவியின் பிழை. கொழுந்து நிறுக்கும் தராசில் ஒரே பையைப் பத்துத் தடவை வைத்தால், பத்துத் தடவையும் அச்சொட்டாக ஒரே நிறை காட்டுவதில்லை. முள் சற்று முன்பின்னாக நிற்கும். அந்தத் தள்ளாட்டத்தின் அளவு எவ்வளவென முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதனைத் தெளிவாகக் கடந்து செல்லும் வேறுபாட்டையே நிறையின் வேறுபாடாகக் கொள்ளலாம். வானியலறிஞரும் தமது அளவீட்டின் தள்ளாட்டத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு பெரிய மாற்றத்தையே பெரும்பாலும் பொருட்படுத்துகின்றனர்.

இவற்றையும் கடந்து வேறொரு மயக்கம் உண்டு. விண்மீனொன்று வெடித்துச் சிதறும்போதும் மண்டலத்தின் ஒளி கூடும். ஆனால் அது ஒரு தடவை உயர்ந்து, சில மாதங்களில் தணிந்து, மீள எழாது. செயற்படும் கருவோ ஆண்டுக்கணக்கில் ஓயாது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ஓரிரு படங்களைக் கொண்டு முடிவு கூறிவிட முடியாது. தலைப்பிறை கண்டதாக ஒருவர் அறிவித்தவுடன், எவ்விடத்தில், எந்நேரத்தில், எத்திசையில் கண்டார், வானம் தெளிவாயிருந்ததா, வேறு எவரேனும் கண்டனரா என்றெல்லாம் விசாரித்த பின்னரே கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து முடிவு அறிவிக்கப்படுகின்றது. வானத்தைப் பற்றிய சாட்சியத்தை எத்துணைக் கவனத்துடன் ஏற்கவேண்டும் என்பது எமது முஸ்லிம் சகோதரர்களுக்குப் புதியதன்று.

இத்துறையில் எமது அயல்நாடான இந்தியாவின் பங்களிப்பு குறிப்பிடத்தக்கது. வட இந்திய மலைநகரான நைனித்தாலில், மனோரா சிகரத்தின் மீது ஏறத்தாழ 1,950 மீற்றர் உயரத்தில் வானாய்வகமொன்று உண்டு. எமது நுவரெலியா நகரின் உயரம் ஏறத்தாழ 1,870 மீற்றர் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், அதுவும் எம்முடையதைப் போன்றதொரு மலைநாட்டுச் சூழலே என்பது விளங்கும். அங்குள்ள 104 சென்ரிமீற்றர் தொலைநோக்கி 1972ஆம் ஆண்டு முதல் இயங்கியது. உலக அளவில் அது பெரிய கருவியன்று. ஆயினும் கோபால் கிருஷ்ணா, ராம் சாகர், போல் வீட்டா ஆகியோர் அதனைக் கொண்டு 1990களின் தொடக்கத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட வினாவைப் பின்தொடர்ந்தனர். வானொலி அலைகளை வலுவாக வெளியிடாத, அமைதியான செயற்படும் கருக்களின் ஒளியும் ஒரே இரவுக்குள் மாறுகின்றதா என்பதே அவ்வினா. ஒரே பொருளை மணிக்கணக்கில் விடாது படமெடுத்து, அயல் விண்மீன்களோடு ஒப்பிட்டு, ஓரிரு சதவீத மாற்றங்களையும் அளந்து 1993ஆம் ஆண்டிலிருந்து அவர்கள் வெளியிட்ட முடிவுகள் உலகளாவிய கவனத்தைப் பெற்றன. கருவி சிறிதாயினும், வினா தெளிவாகவும் பொறுமை பெரிதாகவும் இருந்தால் சாதிக்க முடியும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1986ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 2.34 மீற்றர் தொலைநோக்கியும், அதனை உருவாக்க உழைத்த வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கும் அவ்வாய்வகமும் எமது வாசகர்கள் பலர் அறிந்தவையே. அதனை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவகமே இமயத்தின் லடாக் பகுதியில், ஹன்லே என்னுமிடத்தில், ஏறத்தாழ 4,500 மீற்றர் உயரத்தில் 2 மீற்றர் தொலைநோக்கியொன்றை இயக்கி வருகின்றது. அந்நிறுவகத்தைச் சேர்ந்த சி.எஸ். ஸ்டாலினும் அவரது சகாக்களும் அத்தொலைநோக்கியால் ஒரு செயற்படும் கருவைத் தொடர்ந்து அவதானித்து, நடுவில் ஒளி மாறிய பின்னர் சூழவுள்ள வாயு அதற்கு எதிரொலி போலப் பிரகாசிக்க ஏறத்தாழ மூன்று நாட்கள் எடுப்பதை அளந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்தாமதத்தைக் கொண்டு கருந்துளையின் திணிவு 10 மில்லியன் சூரியன்களுக்குச் சற்றுக் குறைவென அவர்கள் கணித்தனர். ஹன்லேயின் கடுங்குளிரில் வானியலறிஞர் எவரும் இரவு முழுவதும் நிற்கவேண்டியதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொஸ்கோட்டையில் அமர்ந்தவாறே, செய்மதித் தொடர்பின் மூலம் அத்தொலைநோக்கியை இயக்குகின்றனர்.

மங்கலான மண்டலங்களை நோக்கி இத்தேடலை விரிவாக்கியதில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கிக்குப் பெரும் பங்குண்டு. வெறுமையெனத் தோன்றிய வானத்தின் சிறு துண்டொன்றை அது 1995ஆம் ஆண்டில் பத்து நாட்கள் தொடர்ந்து நோக்கி, ஆயிரக்கணக்கான மண்டலங்களைக் காட்டியது. ஐந்து ஆண்டுகளின் பின் அதே இடம் மீண்டும் படமெடுக்கப்பட்டது. விக்கி சராஜெடினியும் சகாக்களும் இரு படங்களையும் ஒப்பிட்டு, இருநூறுக்குச் சற்று மேற்பட்ட மண்டலங்களுள் 16இன் நடுப்பகுதி ஒளி மாறியிருப்பதை 2003இல் அறிவித்தனர். 2009, 2012, 2023 ஆகிய ஆண்டுகளில் எடுக்கப்பட்ட இன்னும் ஆழமான படங்களை ஸ்டொக்ஹோம் பல்கலைக்கழகத்தின் மத்தியூ ஹேஸ் தலைமையிலான குழுவினர் ஒப்பிட்டு 2024இல் வெளியிட்ட ஆய்வு, அண்டத்தின் முதல் ஒரு பில்லியன் ஆண்டுகளுக்குள்ளேயே முன்னர் எண்ணியதிலும் கூடுதலான கருந்துளைகள் இருந்தமையைக் காட்டியது.

அண்மையிலுள்ள சிறிய மண்டலங்களிலும் இவ்வழி பயன் தந்துள்ளது. விவியன் பால்டசாரேயும் சகாக்களும் ஏறத்தாழ 28,000 மண்டலங்களின் பல்லாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து, 135இல் செயற்படும் கருவுக்குரிய ஏற்ற இறக்கங்கள் இருப்பதை 2018இல் வெளியிட்டனர். 2020இல் வேறொரு தொலைநோக்கியின் பதிவுகளிலிருந்து ஏறத்தாழ 35,000 மண்டலங்களை ஆராய்ந்தபோது அவ்வெண்ணிக்கை 424 ஆயிற்று. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை திணிவு குறைந்த சிறிய மண்டலங்கள். இச்சிறிய மண்டலங்களுள் பெரும்பாலானவை நிறமாலைச் சோதனையில், புதிய விண்மீன்கள் பிறக்கும் சாதாரண மண்டலங்களென்றே பெயர் பெற்றிருந்தவையாகும். ஒரு தடவை பார்த்து 'இங்கு ஒன்றுமில்லை' என்று எழுதப்பட்டவற்றில், பல தடவை பார்த்தபோது கருந்துளை வெளிப்பட்டது.

என்ஜிசி 4395 என்னும் சிறிய மண்டலம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1989இல் அதன் நடுவில் செயற்படும் கரு இருப்பது அறியப்பட்டது. 2019இல் வெளியான அளவீட்டின்படி, நடுவில் ஒளி மாறி, சூழவுள்ள வாயு எதிரொலிப்பதற்கு 80 நிமிடங்களே எடுத்தன. கருந்துளையின் திணிவு ஏறத்தாழ 10,000 சூரியன்களே. சிறிய கருந்துளை விரைவாக மாறும், பெரியது ஆறுதலாக மாறும் என்ற ஒழுங்கு 67 கருக்களின் ஒளிப் பதிவுகளைக் கொண்டு 2021இல் மேலும் உறுதிசெய்யப்பட்டது. ஆகவே மாற்றம் உண்டா என்பதை மாத்திரமன்றி, அதன் வேகத்தைக் கொண்டு கருந்துளையின் திணிவையும் மட்டிடும் வழி பிறந்துள்ளது.

சிறிய கருந்துளைகளைத் தேடுவதால் பயன் யாதெனச் சிலர் வினவலாம். பில்லியன் சூரியத் திணிவுடைய மாபெருங் கருந்துளைகள் எவ்வாறு தோன்றின என்பது வானியலில் இன்னும் விடுபடாத புதிர். முதல் விண்மீன்கள் அழிந்து எஞ்சிய சிறு விதைகளிலிருந்து அவை வளர்ந்தனவா, பெரும் வாயு மேகங்கள் நேரே ஒடுங்கிப் பெரிய விதைகளாகப் பிறந்தனவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பெரிய மண்டலங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலந்து தம் பழைய தடயங்களை அழித்துவிட்டன. சிறிய மண்டலங்களோ அதிகம் கலவாமல், ஆதி நிலைக்கு அண்மித்தவையாக எஞ்சியுள்ளன. பெருமரத்தின் வரலாற்றை நாற்றுமேடையில் தேடுவது போன்றது இது. எத்தனை சிறிய மண்டலங்களில் கருந்துளை உண்டு, அவை எவ்வளவு திணிவுடையன என்ற கணக்கே இப்புதிருக்கு விடை தரக்கூடியது.

இம்முறைக்கும் எல்லை உண்டென்பதை மறைத்தலாகாது. 2022ஆம் ஆண்டிலிருந்து ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஆதி அண்டத்தில் கண்டுவரும் சிறிய செந்நிறப் புள்ளிகள் பல, கருந்துளைகளுக்குரிய வேறு அடையாளங்களைக் காட்டிய போதிலும், ஒளியில் பெரும்பாலும் மாறவில்லை. அவை பற்றிய விவாதம் தொடர்கின்றது. மாற்றம் காணப்பட்டால் அது வலுவான சான்று. காணப்படாவிடின் கருந்துளை இல்லையென்று பொருளல்ல.

இனி, எமது மலைநாட்டைப் பற்றிச் சிந்திப்போம். நுவரெலியாவும் ஹற்றனும் உயரத்தில் குறைந்தவையல்ல. ஆயினும் இரு பருவ மழைகளும் தழுவிச் செல்லும் மலைகள் இவை. ஆண்டின் பல மாதங்களில் முகிலும் பனிமூட்டமும் நீங்குவதில்லை. கொழுந்துக்கு எது உகந்ததோ அதுவே தொலைநோக்கிக்குப் பகையாகின்றது. எமது நாட்டின் முக்கிய தொலைநோக்கியும் மலையகத்திலன்றி, மொரட்டுவை கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவகத்திலேயே உள்ளது. ஜப்பான் அன்பளிப்புச் செய்த அந்த 45 சென்ரிமீற்றர் கருவி 1996ஆம் ஆண்டு முதல் அங்கு உள்ளது.

ஆனால் இன்றைய வானியலில் தொலைநோக்கி இருக்குமிடமும் ஆய்வு நடக்குமிடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. சிலி நாட்டின் மலையுச்சியில் அமைந்த வேரா ரூபின் வானாய்வகம் தனது முதற் படங்களை 2025 ஜூன் 23ஆம் திகதி வெளியிட்டது. 8.4 மீற்றர் ஆடியும் 3,200 மெகாபிக்சல் கமராவும் கொண்ட அது, பத்து ஆண்டுகளில் தென்வானத்தின் ஒவ்வோர் இடத்தையும் ஏறத்தாழ 800 தடவை படமெடுக்கும் வகையில் திட்டமிடப்பட்டுள்ளது. எமது மலைகளுக்கு மேலாக இரவு தோறும் கடந்து செல்லும் வானத்தின் பெரும் பகுதியும் அதில் அடங்கும். எங்கேனும் ஓர் ஒளி மாறியதும் அது வெளியிடும் அறிவித்தல்கள் உலகத்தார் யாவருக்கும் பொதுவானவை. ஏனைய பெரும் வானளவைகள் பலவற்றின் பதிவுகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஹார்வர்ட் தட்டுகளைத் தேடிச் சென்றவர்கள் செய்த வேலையை, கணினியும் இணைய வசதியும் கணித அறிவும் உள்ள ஒரு மாணவர் கொட்டகலையிலோ பொகவந்தலாவையிலோ இருந்தவாறு செய்ய இன்று தடையேதுமில்லை.

தடை இருப்பது வேறிடத்தில். கணினியும் இணையமும் எமது தோட்டப்புறப் பாடசாலைகள் யாவற்றையும் இன்னும் சமமாக எட்டவில்லை. க.பொ.த. உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகளைத் தமிழ்மொழியிற் கற்பிக்கும் ஆசிரியர் பற்றாக்குறை மலையகத்தின் நீண்டகாலக் குறைபாடாகும். ஆர்வமுள்ள பிள்ளைகள் பலர், பாடம் இல்லை என்ற ஒரே காரணத்தினால் வேறு துறைக்குத் திரும்புகின்றனர். ஒரு பரீட்சையில், ஒரு நாளில், மங்கலாகத் தெரிந்தமைக்காக 'இங்கு ஒன்றுமில்லை' என்று எழுதி மூடிவிடும் வழக்கம் வானத்துக்கு மாத்திரம் உரியதன்று. மீண்டும் மீண்டும் பார்ப்பதற்கு ஆளும் கருவியும் காலமும் ஒதுக்கப்பட்டால், ஒளி எங்கிருக்கின்றது என்பது தெரியவரும். இதற்குப் பொறுப்பானவர்கள் வாக்குறுதியோடு நின்றுவிடாமல், ஆசிரியர் நியமனத்திலும் வள ஒதுக்கீட்டிலும் அதனைச் செயலிற் காட்டவேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாத வேலையொன்றும் உண்டு. முகில் விலகும் ஜனவரி முதல் மார்ச் வரையான இரவுகளில் திருவாதிரை விண்மீனைக் காண்பது எளிது. அரபு மொழி வழிவந்த பீட்டல்ஜூஸ் என்ற பெயரால் உலகம் அறிந்த விண்மீன் அது. 2019இன் இறுதியிலிருந்து 2020இன் தொடக்கம் வரை அது வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்கு மங்கி, பின்னர் மீண்டது. அதனருகே தெரிவது ரோகிணி. பின்தொடர்வது எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து அல்டெபரான் என்ற பெயரைப் பெற்றதும் அதுவே. இரண்டுள் எது பிரகாசமானது, எவ்வளவு வேறுபாடு என்பதை ஒவ்வொரு தெளிந்த இரவிலும் பார்த்து, திகதியிட்டு, அப்பியாசக் கொப்பியில் எழுதிவர ஒரு சதமும் செலவில்லை. ஒரு பாடசாலை மாணவர்கள் ஐந்து ஆண்டுகள் விடாது அதனைச் செய்தால், ஒப்பிட்டு அளத்தல், பிழையை மதிப்பிடல், பதிவைப் பேணல் ஆகிய மூன்றையும் அவர்கள் கற்றிருப்பர். மங்கலான மண்டலங்களில் கருந்துளை தேடுவோர் செய்வதும் இம்மூன்றே.

ஆசிரியப் பெருமக்களும் ஆலய, பள்ளிவாசல் பரிபாலன சபையினரும் தோட்ட இளைஞர் மன்றங்களும் இத்தகைய அவதானிப்புக் குழுக்களை அமைக்க முன்வர வேண்டும். தமிழ், முஸ்லிம் மாணவர்கள் ஒன்றாக நின்று வானத்தை நோக்குவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. ஒரே விண்மீனுக்கு இரு மரபினரும் பெயரிட்டுள்ளனர். எழுதிய கொப்பிகளை எறிந்துவிடாமல் பாடசாலையிற் பேணுவதையும் அவர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டுமென்பதே எமது வேண்டுகோளாகும்.